மூன்றாவது இன்ஜெக்டர்

ஞாயிறு, இரவு.

காற்றை அழுத்தித் திணிக்கும் டர்போ வைத்த பிறகு என் பழைய காரின் என்ஜினுக்குப் பெட்ரோல் போதவில்லை. இன்று கொச்சங்காடி ஒர்க்‌ஷாப்பில் கூடுதலாகப் பெட்ரோல் பீய்ச்சும் நான்கு இன்ஜெக்டர்கள் மாட்டினோம். மாட்டும் முன் மெக்கானிக் ரஜனி சேச்சி அவற்றைச் சோதனை மெஷினில் ஓடவிட்டார். கண்ணாடிக் குழாய்களுக்குள் சோதனை எண்ணெய் பனிபோல் விரிந்தது. நான் வாயைப் பிளந்து நின்றேன். சேச்சிதான் மூன்றாவதில் அளவு குறைவதைக் கண்டார்.

“புதுசுதானே சேச்சி, போட்டுடலாம்.”

“வேண்டடா. பெட்ரோல் குறைஞ்சா அந்த பிஸ்டன் சூட்டுல உருகிப் போகும்.”

அதை மட்டும் ஊறவைத்து, கழுவி, மறுபடி ஓட்டினார். நான்கும் சமமாக வர மாலையாயிற்று.

மாட்டி முடித்ததும், கண்டெய்னர் ரோட்டில் ஆக்சிலரேட்டரை மிதித்தேன். கார் என்னை சீட்டோடு அழுத்தியது. பயத்தில் சிரித்துவிட்டேன். பக்கத்தில் சேச்சி, காற்றுக்குத் தக்க பெட்ரோல் போகிறதா என்று காட்டும் மீட்டரை விட்டுக் கண்ணெடுக்காமல், “சரியாணு” என்றார்.

விரல் நீளம்கூட இல்லாத சாமான். அந்த மூன்றாவதை அப்படியே மாட்டியிருந்தால் இன்று என்ஜினே போயிருக்கும்.