எட்டும் தப்பு

ஏப்ரல் 18

என் அப்பா, பாபாவுக்குக் காய்ச்சல் விட்டு ஒரு வாரமாகிறது. பாபா இன்னும் ஆபீசுக்குப் போகவில்லை. நாக்கில் ஒரு ருசியும் தெரியவில்லையாம். முப்பத்துநாலு வருஷமாகத் தேயிலைத் தரகர் ஆபீசில் காலையில் முந்நூறு கோப்பை உறிஞ்சித் துப்பி, எந்தத் தோட்டம், எந்த வாரத்து இலை என்று சொன்ன மனுஷன். இன்றைக்குப் பாகற்காயையும் பாயசத்தையும் ஒரே முகத்தோடு சாப்பிட்டார். ஏற்கெனவே அம்மாவுக்கு, மாவுக்கு, கீமோ. இப்போது இது. எல்லாம் சேர்ந்துதான் வரணுமா?

ஏப்ரல் 25

கீமோவுக்கு அப்புறம் மாவுக்கு எதைத் தின்றாலும் இரும்பு ருசி. சாப்பாட்டு மேசையில் இரண்டு பேரும் பேசிக்கொள்வதைக் கேட்டால் —

"மீன் எப்படி இருக்குங்க?"

"காகிதம். உனக்கு?"

"ஆணி."

சிரிக்கிறார்கள். ஒரு மாதமாகத் தட்டைத் தொடாதவள், ஆணி ஆணி என்று சொல்லியே அரைத் தட்டு சாப்பிட்டுவிட்டாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

மே 3

மாவின் டாக்டர் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். "இந்த மாதிரி நோயாளிங்களுக்கு சராசரியா நாலுலேர்ந்து ஒம்பது மாசம், தொண்ணூத்தஞ்சு சதவீத நம்பிக்கையோட." அது சராசரிக்கான நம்பிக்கை இடைவெளி. ஒரு தனி ஆளுக்கு அதிலிருந்து ஒன்றும் சொல்ல முடியாது. புள்ளியியல் தாளில் இதைத் தப்பாக எழுதுகிற பெண்களுக்கு வருஷா வருஷம் மார்க் குறைக்கிறவள் நான். ஆனால் டிராமில் திரும்பும்போது ஒன்பது, ஒன்பது என்றே சொல்லிக்கொண்டு வந்தேன்.

மே 11

பாபாவின் ஆபீசிலிருந்து பக்சி பாபு போன். "உங்கப்பா லாஹிரி-தா இல்லாம ஜூன் மாச இலையை யாரு பாக்குறது? நாக்கு வந்துரும், வரச் சொல்லும்மா."

மா கேட்டுக்கொண்டே படுத்திருந்தாள். போனை வைத்ததும், "இவர் ஜூன்ல ஆபீஸ் போகாம இருந்ததே இல்ல. நான் வாந்தி எடுக்கறதப் பாத்துக்கிட்டு இங்க எதுக்கு உக்காரணும்? நாக்கு நல்லாயிருந்தா போய்த்தான் ஆகணும். நீதான் காலேஜுல இந்தப் பரீட்சையெல்லாம் சொல்லித் தர்றியே, ஜுமுர். இவர் நெசம் சொல்றாரா பொய் சொல்றாரான்னு பாத்துச் சொல்லு."

மே 13, ஞாயிறு

சோதனை முடிந்தது.

எட்டுக் கோப்பை. நாலில் அசாம் இலை, நாலில் டூவார்ஸ் மலையடிவாரத்து இலை. நாலுக்கு நாலு என்று பாபாவிடமும் சொன்னேன். எல்லாவற்றிலும் ஒரே அளவு பால். வரிசையைச் சீட்டுக் குலுக்கி எடுத்தேன். மாவின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே பாபாவை உட்காரவைத்து, கண்ணைத் துண்டால் கட்டினேன். "நாக்குல ஒண்ணும் இல்ல, சும்மா ஊகம்தான்னு வச்சுக்கிட்டு ஆரம்பிக்கிறேன் பாபா. நிறைய சரியா சொன்னா அத நிராகரிச்சுடுவேன், நீங்க ஆபீசுக்குக் கெளம்பணும்."

"சரிங்க மேடம்," என்றார்.

ஒவ்வொன்றையும் வாயில் ரொம்ப நேரம் வைத்திருந்தார். வேர்த்துவிட்டது. முடிவு: ஒன்றுகூடச் சரியில்லை. அசாம் எல்லாம் டூவார்ஸ், டூவார்ஸ் எல்லாம் அசாம்.

"எட்டும் தப்பு," என்றேன்.

"எட்டுமா?" என்றாள் மா. பிறகு தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள், இருமல் வரும்வரை. "சரி, பாவம். வீட்டுலயே இருக்கட்டும்." புருஷன் பிழைப்பு போகிறது, இவளுக்கு என்ன சிரிப்பு? எனக்குக் கோபம்தான் வந்தது.

மே 14

பக்சி பாபுவிடம் நானே சொல்லிவிட்டேன். சோதித்துப் பார்த்தாயிற்று, போய்விட்டது என்று. அவர் அழுதார்.

அக்டோபர் 9

பூஜை மேளம் தெருமுனையில். பாபா ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு மாவுக்குக் கஞ்சி ஊட்டுகிறார். "காகிதம்." "ஆணி." இப்போது அவள் உதடு மட்டும்தான் அசைகிறது.

நவம்பர் 20

மா போய்விட்டாள். ஆறு மாசம், பதினேழு நாள். இடைவெளிக்குள்தான். அதனால் எனக்கு என்ன?

ஜனவரி 16

இரண்டாம் வருஷ வகுப்பு. உதாரணத்துக்கு எட்டுக் கோப்பையையே போட்டேன். வேறு எதுவும் நினைவுக்கு வரவில்லை. நாலுக்கு நாலாகப் பிரிக்க எழுபது வழி, ஊகத்தில் எட்டும் சரியாக வருவது எழுபதில் ஒன்று, அதனால் அது ஊகமில்லை என்று எழுதிக்கொண்டிருந்தேன். முதல் பெஞ்சில் தெபாரதி கேட்டாள்: "எட்டும் தப்பா வந்தா மேம்?"

"அதுவும் எழுபதுல ஒண்ணு."

"அப்ப அதுவும் ஊகம் இல்லையே மேம். தப்பாவே சொல்லணும்னாலும் தெரிஞ்சிருக்கணுமே?"

பலகையில் எழுதியதைத் திரும்பிப் பார்த்தேன். ஊகித்தவர் ஏறக்குறையப் பாதி சரியாகச் சொல்லியிருப்பார். நான் ஒரு பக்கம் மட்டும் பார்த்தேன். பதினோரு வருஷமாக மறுபக்கத்தையும் பார், பார் என்று வகுப்பில் கத்துகிறேன்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல், வேண்டுமென்றே தப்பாகச் சொன்னீர்களா என்று கேட்டேன். பாபா பொரியைக் கொறித்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு ரெண்டு சரியா சொல்லியிருக்கணும்," என்றார். "அது தோணல. ஒண்ணு சரியா போனாலும் உன் மா அனுப்பிடுவாளேன்னு பயம். நீ அன்னிக்கே கண்டுபிடிச்சிடுவேன்னு நெனச்சேன்."

"மா?"

"அவ சிரிச்சா இல்ல?"

"தெரியுமான்னு அப்புறம் மாகிட்ட கேக்கவே இல்லையா?"

"எதுக்குக் கேக்கணும்? சாப்பிட்டா இல்ல."

புள்ளியியல் ஒரு வரி படிக்காதவள். 'எட்டுமா' என்று கேட்டபோதே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அவருக்கு அவளருகில் இருக்க வேண்டும், அவளுக்கு அவர் இருக்க வேண்டும். நடுவில் நான் ஒருத்தி, பென்சிலும் தாளுமாக. அழுதேன். பாபா பொரிக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார்.

பிப்ரவரி 3, ஞாயிறு

பக்சி பாபு மறுபடியும் கூப்பிட்டிருக்கிறார். பாபாவுக்கும் ஆசைதான். வீட்டில் எவ்வளவு நேரம் அந்தக் கட்டிலையே பார்த்துக்கொண்டிருப்பார்? ஆனால் காலையில், "ஜுமுர், போறதுக்கு முன்னாடி ஒரு தடவை வச்சுப் பாரேன்," என்றார்.

அதே எட்டுக் கோப்பை. அதே துண்டு. இந்தத் தடவை வேர்க்கவில்லை. ஒவ்வொன்றையும் உறிஞ்சினார், வாயில் உருட்டினார், துப்பினார், மறுபடி எடுத்தார். மூன்றாவதில் நெடுநேரம் நின்றார். "அசாம்... இல்ல, இரு." ஆறாவதுக்கு மேல் குரலே இறங்கிவிட்டது.

எண்ணினேன். நாலு சரி, நாலு தப்பு.

கண்ணை மூடிக்கொண்டு காசு சுண்டினால் வருவது. இதை வைத்து நாக்கு போய்விட்டது என்று சொல்ல முடியாது. ஊகம் என்பதை நிராகரிக்க ஆதாரம் இல்லை, அவ்வளவுதான். வகுப்பில் அப்படித்தான் சொல்வேன்.

"எத்தனை?" என்றார், கட்டை அவிழ்க்காமல்.

அரை மார்க் கூடச் சும்மா போட்டதில்லை நான், இத்தனை வருஷத்தில்.

"எட்டும் சரி, பாபா."

துண்டை அவிழ்த்தார். கோப்பைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எட்டுமா?" என்றார்.

ஆமாம் என்றேன். மா அன்றைக்குச் சிரித்த மாதிரியே சிரித்தார். அப்புறம் போனை எடுத்து, நாக்கு போய்விட்டது, வரமுடியாது என்று பக்சி பாபுவிடம் சொன்னார். நான் கோப்பைகளைக் கழுவப் போய்விட்டேன்.