காற்றுக் குழாய் இல்லாத வீடு

அம்மா,

இன்று காலை என் குளியலறையிலிருந்து நாம் வாடகைக்கு இருந்த மர்பி டவுன் வீட்டு நாற்றம் அடித்தது. கையிலிருந்த காப்பியை அப்படியே வைத்துவிட்டேன். நீ இருந்திருந்தால் அந்த நொடியே துடைப்பத்தைத் தேடிப் போயிருப்பாய்.

காக்ஸ் டவுனில் நான் வாங்கிய இந்தப் பழைய ஃப்ளாட்டை நீ பார்க்கவில்லை. பழைய ஷவரை எடுத்துவிட்டுப் புதியதை எதிர்ச்சுவரில் வைப்பதற்காகத் தரையை உடைத்திருக்கிறோம். கழிவுநீர்க் குழாயோடு மொட்டைமாடி வரைக்கும் ஒரு காற்றுக் குழாயும் வேண்டும் என்றார் பிளம்பர். நல்ல சுவரை உடைக்க எனக்கு மனமில்லை. தண்ணீர் போகத்தான் குழாய் இருக்கிறதே, காற்றுக்கு எதற்குத் தனியாக என்று மல்லுக்கு நின்றேன்.

"மேல் வீட்ல ஃப்ளஷ் பண்ணச் சொல்லுங்க மேடம், நீங்களே பாருங்க" என்றார்.

மேலே ஃப்ளஷ் செய்தார்கள். தரைக் குழாயின் வளைவில், ட்ராப் என்பார்களே, அதில் தேங்கியிருந்த தண்ணீர் களக் களக் என்று உள்ளே இறங்கிப் போனது. பின்னாலேயே நாற்றம்.

"அந்தத் தண்ணிதான் நாத்தத்தைப் புடிச்சு வெக்கிறது. காத்துக்கு வழி இல்லன்னா மேல ஊத்துற தண்ணி இதை இழுத்துக்கும். அப்புறம் நீங்க ஆசிட் போட்டுக் கழுவினாலும் ஒண்ணும் ஆவாது."

கவிழ்த்துப் போட்டிருந்த பக்கெட்டின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

நம் வீட்டிலும் இதே சத்தம்தான் அம்மா, மாடியில் வீட்டுக்காரம்மா ஃப்ளஷ் செய்யும்போதெல்லாம். ஆன்ட்டிக்கு விக்கல் என்று நானும் தம்பியும் சிரிப்போம், நீ அதட்டுவாய். ஆபீஸில் ஊர்ப்பட்ட பேருடைய பாத்ரூமைக் கழுவிச் சம்பளம் வாங்கிய நீ, வீட்டுக்கு வந்து புடவையைச் செருகிக்கொண்டு மறுபடியும் கழுவுவாய். ஆசிட்டில் விரல் நுனியெல்லாம் தோலுரிந்துபோய், சோற்றைப் பிசைந்தால் எரிகிறதென்று ஸ்பூனில் சாப்பிட்டாய். அத்தனைக்கும் பிறகு அந்த வீட்டுக்காரம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் வந்து நிற்பாள்.

"உங்க ஆளுங்களுக்கு வீடு குடுத்தா இதான். கழுவவே மாட்டீங்களா?"

"இப்பதாங்க கழுவினேன். இன்னொரு தரம் கழுவிடறேங்க" என்பாய் நீ. பெரியம்மா வந்தால்கூட உள்ளே கூப்பிடாமல் வாசலிலேயே பேசி அனுப்பினாய்.

அந்த நாற்றம், காற்றுக் குழாய் இல்லாத வீட்டில் அவள் வீட்டுத் தண்ணீர் இறங்கியதால் வந்தது. அவளுக்கும் தெரிந்திருக்காதுதான். அதற்காக எனக்குக் கோபம் குறையவில்லை. சுவரை உடைக்கச் சொல்லிவிட்டேன்.

அந்த வீட்டைக் காலி செய்து எத்தனையோ காலம் ஆன பிறகும், யார் வீட்டுக்குப் போனாலும் முந்தானையை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் நீ உட்காருவாய். கடைசியாக ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஊசி போட வந்தபோது என்னைக் கிட்டே கூப்பிட்டாய்.

"என் மேல வாடை அடிக்குதா பாரும்மா. அந்தப் பொண்ணு கிட்ட வருது."

"இல்லம்மா" என்றேன். நீ நம்பவில்லை. உன்னை நம்ப வைத்திருக்கக்கூடிய காரணம் இன்றைக்குத்தான் என் கைக்கு வந்திருக்கிறது. இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன், அம்மா?