ஜூலை நாலாம் தேதி அம்மா பேண்டு நடத்தியது

எல்ம்ராக், ஐயோவா
12 ஜூலை 1987

அன்பு மகள் மார்னிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நடமாடிக்கொண்டு இருக்கிறோம், நலம் என்று எழுதத்தான் இந்தத் தடவை கை வரவில்லை. நீ அந்த ஊர்க் குளிரில் உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். இங்கே சோளம் தோள் உயரம் வந்துவிட்டது, வெயில் முதுகைப் பிளக்கிறது, இதே நாளில் நியூஸிலாந்தில் நீ கம்பளிச் சட்டையோடு ஆட்டுக்கு ஊசி போட்டுக்கொண்டிருப்பாய் என்பது எனக்கு இன்னும் பழகவில்லை. எப்போதும் அம்மாதான் எழுதுவாள், நான் அடியில் ஒரு வரி போடுவேன். இப்போது அவள் எழுதுவதே நாலு வரியாகிவிட்டது, அதிலும் ஊர் பேண்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே, என்ன ஆச்சு அப்பா என்று நீ கேட்டிருக்கிறாய். சொல்லக் கூடாது என்று அவள் என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். ஆனால் போன வாரம் நடந்ததைப் பார்த்த பிறகு இதை நான் ஒருத்தனாக வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை கண்ணு.

பிப்ரவரியில் பக்கவாதம் வந்து அம்மா அடுப்பு முன்னால் விழுந்ததும், கையும் பேச்சும் ஒரு மாதத்திலேயே திரும்பி வந்ததும் உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் எல்லாரும் அதிர்ஷ்டக்காரி என்றார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று அவளுக்குப் பிடிக்குமே என்று, வாஷிங்டனில் கடற்படை பேண்டு வாசித்த அந்தப் பழைய இசைத்தட்டைப் போட்டுவிட்டுக் காப்பி கலக்கப் போனேன். உள்ளேயிருந்து, "மெர்ல், யாரு பாத்திரத்தையெல்லாம் மாடிப்படியில உருட்டுறது?" என்று கேட்டாள். ஊசி தேய்ந்துவிட்டது போல என்று ஓடிப்போய்ப் பார்த்தேன், தட்டு ஒழுங்காகத்தான் சுற்றியது, பாட்டும் எப்போதும் கேட்கிற அதே பாட்டுதான். அவள் வந்து என் பக்கத்தில் நின்று சுற்றுகிற தட்டைப் பார்த்தாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். அன்றைக்கு முழுக்க ஒவ்வொரு தட்டாகப் போட்டுப் பார்த்தோம். எல்லாமே அவளுக்குத் தகரக் கொட்டகைமேல் ஆலங்கட்டி விழுகிற மாதிரிதான் இருந்தது. நான் பேசுவது கேட்கிறது, கதவு கிறீச்சிடுவது கேட்கிறது, வெளியே நாய் குரைத்தால் யார் வீட்டு நாய் என்றுகூடச் சொல்கிறாள். பாட்டு மட்டும் பாட்டாகக் கேட்கவில்லை. டெ மாய்ன் நகரத்துக்குக் கூட்டிப்போய்ப் பெரிய டாக்டரிடம் காட்டினோம். காதில் ஒரு குறையும் இல்லை, சத்தங்களைச் சேர்த்துப் பாட்டாக்குகிற மூளைப் பகுதி செத்துப்போய்விட்டது என்றார். திரும்ப வருமா என்று அம்மா கேட்டாள். "அப்படி எதிர்பார்த்துட்டு இருக்காதீங்க ஆர்டித்" என்றார். அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தாள். வழியில் சாலையோரக் கடையில் ருபார்ப் தண்டு வைத்துச் சுட்ட பை பலகாரம் வாங்கிக் கொடுத்தேன், ஒரு வாய் தின்றுவிட்டு, "புளிப்பு தெரியுது, இதாவது இருக்கே" என்றாள், மீதியைத் தட்டோடு தள்ளிவிட்டாள்.

அம்மாவின் பேண்டுப் பித்தைப் பற்றி உனக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை, நீ அந்தச் சத்தத்திலேயே வளர்ந்தவள். சனிக்கிழமை சலவை போடும்போது அம்மா மார்ச் என்கிற அந்தப் பட்டாள நடைப் பாட்டைப் போட்டுவிட்டால் இஸ்திரிப் பெட்டியும் இடது வலது என்று நடக்கும். நீ முதல் அடி வைத்ததே ஒரு மார்ச்சுக்குத்தான், தொப்பென்று விழுந்துவிட்டுத் தாளம் தவறிப்போனதற்காக அழுதாய் என்று இன்றைக்கும் சொல்வாள். ஒரு கருவியும் வாசிக்கத் தெரியாது, பள்ளிக்கூடச் சமையலறையில் நாளெல்லாம் உருளைக்கிழங்கு மசிப்பவள், ஆனால் ரேடியோவில் நாலு அடி கேட்டால் போதும், இது கடற்படை பேண்டா தரைப்படை பேண்டா என்று சொல்லிவிடுவாள். ஒவ்வொரு மார்ச்சிலும் நடுவில் ஓர் இடம் வரும், அதுவரை முழங்கிக்கொண்டிருந்த எக்காளமெல்லாம் அடங்கிக் கிளாரினெட் மட்டும் மெதுவாக ஆரம்பிக்கும். அந்த இடம் வந்தால் இஸ்திரிப் பெட்டியை அந்தரத்தில் நிறுத்திவிட்டு, "இப்போ பாரு, இப்போ பாரு" என்று மூச்சை அடக்கிக்கொள்வாள். எனக்கு அதில் பார்க்க ஒன்றும் இருந்ததில்லை. இதில் அப்படி என்னதான் இருக்கிறது, யாரோ சண்டைக்குப் போகிற சத்தம்தானே என்று ஒருமுறை சீண்டினேன். "சண்டை இல்லடா மடையா, அது முடியிற வரைக்குமாவது எல்லாரும் ஒரே பக்கமா நடக்குறாங்க, அதுதான்" என்றாள்.

மார்ச் மாசத்திலிருந்து அம்மா இதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை. பேண்டு ஒத்திகையைக் கேட்க ஏன் வருவதில்லை என்று கேட்டவர்களிடம், தலை சுற்றுகிறது, டாக்டர் அதிகச் சத்தம் கூடாது என்கிறார் என்று சமாளித்தாள். பேண்டு நடத்தும் டுவைட் சோரன்சனை உனக்கு நன்றாகத் தெரியும், அவனோடு அம்மா போடாத சண்டை இல்லை, பிக்கலோ என்கிற குட்டிப் புல்லாங்குழல் ஊதுகிறவள் முந்திவிட்டாள், டிரம்காரன் தூங்குகிறான் என்று கச்சேரி முடிந்ததும் அவனைப் பிடித்துக்கொள்வாள், அவனும் "என் சம்பளமில்லாத மேலதிகாரி வந்தாச்சு" என்று கையைத் தூக்குவான். அவன் ஜூன் மாசக் கடைசியில் வீட்டுக்கு வந்து, ஜூலை நாலாம் தேதி சுதந்திர தினக் கச்சேரி முழுக்கப் பிழைத்து வந்த ஆர்டித்துக்காகத்தான், கடைசி மார்ச்சை அவளே மேடையேறி நடத்த வேண்டும், ஊருக்கே சொல்லியாகிவிட்டது என்றான். நான் வாயைத் திறந்தேன், அம்மா மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தாள். அவன் போன பிறகு, எதற்கடி ஒத்துக்கொண்டாய், உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்றேன். "சொன்னா என்ன ஆகும் தெரியுமா? இனி என்னைப் பார்க்கும்போதெல்லாம் பேண்டுக்காரங்க கருவியைக் கீழே வச்சுடுவாங்க. அது எனக்கு வேண்டாம். டிரம் அடிக்கிறவன் கையைப் பார்த்துக்கிட்டே ஆட்டிடுவேன்" என்றாள்.

அப்படியே செய்தாள். பூங்கா மண்டபத்தைச் சுற்றிக் கொடி கட்டியிருந்தார்கள், ஊர் முழுக்க மடக்கு நாற்காலியோடு வந்திருந்தது, அம்மா அந்த நீல உடுப்பைப் போட்டுக்கொண்டு மேடையேறினாள். டுவைட் பேண்டை நடத்துகிற கோலை அவள் கையில் கொடுத்துவிட்டு ஓரமாக நின்றான். பெரிய டிரம்மின் தடி மேலே போகிறபோது இவள் கையும் போயிற்று, இறங்குகிறபோது இறங்கிற்று. நான் முதல் வரிசையில் உட்கார்ந்து மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். யாருக்கும் சந்தேகம் வரவில்லை, எனக்கே ஒரு நிமிஷம் திரும்பி வந்துவிட்டதோ என்று ஆசை வந்துவிட்டது. பிறகு எக்காளங்கள் பெரிதாக ஒரு முழக்கு முழக்கி நின்றன. டிரம்காரன் தடியை மடியில் வைத்துவிட்டான். அம்மா கோலை இறக்கினாள், சிரித்த முகத்தோடு எங்கள் பக்கம் திரும்பிக் குனிந்து வணக்கம் சொன்னாள். மார்னி, மார்ச் முடியவில்லை. கிளாரினெட் மட்டும் மெதுவாக ஆரம்பிக்கும் என்றேனே, அந்த இடம் அது. அவள் முதுகுக்குப் பின்னால் அவர்கள் அதை வாசிக்கத் தொடங்கினார்கள், அவள் எங்களைப் பார்த்து வணங்கிக்கொண்டிருந்தாள். ஆர்டித் வேடிக்கை பண்ணுகிறாள் என்று ஜனங்கள் சிரித்துக் கைதட்டினார்கள். அந்தச் சிரிப்பில்தான் ஏதோ தப்பு என்று அவளுக்குத் தெரிந்தது, அவள் கண் என்னைத் தேடியது. என்ன செய்வது என்று தெரியாமல் நானும் கை தட்டினேன். டுவைட் சிரித்துக்கொண்டே வந்து அவள் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டான், மீதியை அவன் கையோடு கை வைத்து முடித்தாள்.

காரில் வரும்போது, "நல்லா வாசிச்சாங்களா?" என்று கேட்டாள். நல்லா வாசித்தார்கள் என்றேன். "பிக்கலோ?" என்றாள். எனக்கு என்ன தெரியும், சரியான நேரத்தில் வந்துவிட்டது என்றேன். "உனக்கு என்ன தெரியும்" என்று அவளும் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பாட்டில் எந்த இடத்தில் ஜனங்கள் பக்கம் திரும்பினேன் என்று அப்புறம் கேட்டாள். நான் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, சொன்னால் கண்டுபிடித்துவிடுவாள், கிளாரினெட் ஆரம்பிக்கிற இடத்தில் என்றேன். "அங்கேயா?" என்றாள், அவ்வளவுதான். அன்றிலிருந்து பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுகிறாள், சலவைத் துணி கூடையிலேயே கிடக்கிறது, நான்தான் என் சட்டையைச் சுருக்கமும் மடிப்புமாகத் தேய்த்துப் போட்டுக்கொள்கிறேன். நேற்று பின்வாசலில் பீன்ஸ் கிள்ளிக்கொண்டிருந்தோம். திடீரென்று, "மெர்ல், நான் போனா டுவைட் கல்லறைக்குப் பேண்டோட வருவான். வரட்டும், தடுக்காதே. ஆனா சாவு வீடுன்னு அவன் இழுத்து இழுத்து வாசிப்பான், அதுக்கு விடாதே. நடக்குற வேகத்துல வாசிக்கணும். நீ நின்னு பார்த்துக்கோ" என்றாள். எனக்கு வேகம் எப்படித் தெரியும் என்றேன். கிள்ளின பீன்ஸைக் கீழே வைத்துவிட்டு என் முழங்காலில் விரலால் தட்டிக் காட்டினாள், இடது வலது, இடது வலது. சரியாகத்தான் தட்டினாள் என்று நினைக்கிறேன். அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. "இதுதானா?" என்று என்னையே கேட்டாள். இதுதான் என்றேன்.

இதற்கு மருந்து இல்லை கண்ணு, ஆறுதலுக்காக உனக்கு வேறு மாதிரி எழுத எனக்குத் தெரியாது. பழகப் பழக வந்துவிடும், தினமும் கேட்கச் சொல்லுங்கள் என்று யாராவது உன்னிடம் சொன்னால் அதை அம்மாவுக்கு எழுதிவிடாதே, அவள் அதை நம்பித் தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, வெளுத்த முகத்தோடு எழுந்து வருவாள், நான் இரண்டு முறை பார்த்துவிட்டேன். ஆட்டைப் பற்றி எழுது, மழையைப் பற்றி எழுது, உன் வீட்டுக்கார அம்மாள் செய்கிற அசட்டுத்தனங்களை எழுது, அவற்றை மட்டும் இரண்டு தடவை படிக்கிறாள். முடிந்தால் இலையுதிர் காலத்தில் ஒருமுறை வந்துவிட்டுப் போ, வந்தால் ஒன்றும் மாறாது, ஆனாலும் வா. அந்த ஊர் மலைச் சாலையில் இடது பக்கமே ஓட்ட வேண்டும் என்பது ஞாபகம் இருக்கட்டும், ஈரக் காலுறையோடு தூங்காதே. ஆண்டவன் உனக்கு ஆயுசையும் நல்ல துணையையும் தரட்டும், உன் கைபட்ட ஜீவன்களெல்லாம் பிழைக்கட்டும். நான் சொன்னதாக அம்மாவிடம் காட்டிக்கொள்ளாதே.

என்றும் உன்னை நினைத்திருக்கும் அப்பா,
மெர்ல் ஹாகன்