முயல்கள் நலம்
டார்லிங் நதிக்கரை, ஆஸ்திரேலியா,
1957 மார்ச் 9.

அன்புள்ள டெஸ்மண்டுக்கு அம்மா எழுதுவது. நான் நலம், அப்பா முதுகைத் தவிர நலம், முயல்களும் மிகவும் நலம், அதனால்தான் ஆடுகள் அவ்வளவு நலமில்லை. ஆறு வருஷத்துக்கு முன்பு, நீ லண்டனுக்குப் புறப்பட்ட கோடையில், கொசு வழியாக அந்த முயல் நோய் வந்ததும், ஆற்றங்கரை முழுக்கச் செத்து நாறியதும் உனக்கு நினைவிருக்கும். நீ கப்பலேறிய பிறகு அப்பா வேட்டை நாய்கள் ஐந்தையும் தானம் கொடுத்துவிட்டு, ஊர்க் கூட்டத்தில் எழுந்து, "இனிமே பேரப் பிள்ளைங்களுக்கு முயலைப் படத்துலதான் காட்டணும்" என்று பேசினார், எல்லோரும் கை தட்டினார்கள். அடுத்த வாரம் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நோயில் பிழைத்து இமை தழும்பேறிய ஒரு பெட்டை முயல் மேய்வதைப் பார்த்தேன், பின்னால் நாலு குட்டிகள். இருப்பது கொஞ்சம்தான், இப்போதே வளைகளைத் தோண்டி மூடிவிடலாம் என்றேன். "ஒத்தை முயலுக்காக என்னைக் குழி வெட்டச் சொல்றியா, ஐலீன்? மிச்சத்தைக் கொசு பாத்துக்கும்" என்றார்.

கொசுவும் ஒவ்வொரு கோடையும் தவறாமல் வந்தது, ஆனால் ஒவ்வொரு கோடையும் சாவு குறைந்தது. இந்த வருஷம் முயல்களில் பாதிக்கு மேல் கண் வீங்கி, இரண்டு வாரம் சுருண்டு கிடந்து, எழுந்து நம் புல்லைத் தின்னப் போய்விட்டன. கீழ் நிலம் மொட்டை. சினை ஆடுகளில் பாதியை வேறு ஊர் மேய்ச்சலுக்கு ஓட்டிவிட்டோம். கிறிஸ்துமஸுக்கு முன்பு அரசாங்க ஆய்வாளர் ஒருவர் வந்து நம் நிலத்து முயல் குட்டிகள் சிலவற்றைப் பிடித்துப் போனார், போன மாதம் திரும்ப வந்து முடிவைச் சொன்னார், நோயே எட்டாத ஊரின் குட்டிகளுக்கும் இவற்றுக்கும் ஒரே கிருமியைக் கொடுத்தாராம், அந்த ஊர்க் குட்டிகள் ஏறக்குறைய எல்லாம் செத்தன, நம்முடையவற்றில் பல பிழைத்தன. கிருமியும் முன்பு போல் இல்லையாம், சட்டென்று கொல்லும் வகையைக் கொசு எடுத்துப் போவதற்குள் முயல் செத்துவிடுவதால் மெதுவாகக் கொல்லும் வகைதான் பரவியதாம். "அப்போ முயலுங்க நோய்க்குப் பழகிடுச்சா?" என்று அப்பா கேட்டார். அந்த மனிதர், "ஒரு முயலும் பழகலைங்க. தாங்க முடியாதது குட்டி போடாம செத்துப்போச்சு. தாங்கினது போட்ட குட்டிங்கதான் இப்ப உங்க நிலத்துல இருக்கு" என்றார். அப்பா, "நல்ல முயலாப் பொறுக்கி வெச்சிருக்கோம், நம்ம ஆட்டுல கூட இப்படி ஒரு மந்தை அமையல" என்றார்.

மறுநாள் காலை வளைகளை மூடக் கடப்பாரையோடு மேட்டுக்குப் போனவர்தான், அறுபத்திரண்டு வயதில் தினமும் போகிறார். நானும் போகிறேன். இதுவரை முப்பத்தொரு வளை மூடியிருக்கிறோம். உன்னை வரச் சொல்லவில்லை, வந்தால் வேண்டாம் என்றும் சொல்லமாட்டேன்.

நெஞ்சுச் சளிக்குப் பென்சிலின் கொடுத்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய், இருமல் நின்றதும் மாத்திரையை நிறுத்திவிடாதே, கடைசி மாத்திரை வரை சாப்பிடு, மிச்சம் கொஞ்சம்தானே என்று பாதியில் நிறுத்தியவர் இந்த வீட்டில் ஒருவர் போதும். கடவுள் உன்னை நல்லபடி வைத்திருக்கட்டும். உனக்கு ஏதாவது எழுதணுமா என்று அப்பாவைக் கேட்டேன், "முயலைப் பத்தி மட்டும் எழுதிடாதே" என்றார்.

உன் பிரியமுள்ள அம்மா,
ஐலீன்