அக்கா, எனக்கும் அந்த நாடாவாம்

என் உயிரான மங்காக்காவுக்கு,

காமாலை உன்னைக் கொண்டுபோய் இரண்டு மழைக்காலம் ஆயிற்று. உப்பளத்தில் இந்த வருஷமும் பாத்தி மிதித்தாயிற்று. உன் இடத்தில் உப்புக் கூடை தூக்க வந்திருப்பவள் நல்லவள்தான், ஆனால் வாயே திறக்கமாட்டாள். எனக்குப் பொழுதே போகவில்லை.

ஒரு சங்கதி. இருமினாலும் கூடையைத் தூக்கினாலும் இப்போது எனக்கும் சிறுநீர் கசிகிறது. அளத்தில் எல்லார் புடவையும் ஈரம், யாருக்கும் தெரியாது. பஸ்ஸில்தான் மானம் போகிறது. பயிற்சியெல்லாம் செய்து பார்த்தும் அடங்கவில்லை. உனக்கு வைத்த மாதிரியே உள்ளே நாடா வைத்துச் சிறுநீர்க் குழாயைத் தாங்கலாம் என்கிறார் பாண்டிச்சேரி டாக்டரம்மா.

நாடா என்றதுமே உன் ஆஸ்பத்திரி நாள்தான் நினைவுக்கு வந்தது. உனக்கு ஆபரேஷன் ஆகி சிறுநீர் ட்யூபை எடுத்த அன்று என்ன கூத்து அடித்தோம்! சாயங்காலம் வரை ஒரு சொட்டு இறங்கவில்லை. "பாத்தியாடி, சொட்டுகூட ஒழுவல. ஆபரேஷன் சக்சஸ்!" என்று பெருமையடித்தாய். நர்ஸ் கேட்டதற்கும், "எல்லாம் நல்லா இருக்குதுங்க" என்றாய். அளத்தில் தண்ணீர் குடிக்காமல், ஒதுங்க இடமில்லாமல் அடக்கியே பழகியவர்கள் நாம். வராமல் இருப்பதும் கோளாறு என்று நமக்கு எப்படித் தெரியும்?

வயிறு கல்லாகி நீ அலறிய பிறகுதான் மறுபடி ட்யூப் வைத்தார்கள். நாடா இறுகிவிட்டதாம். தியேட்டருக்குக் கொண்டுபோய்த் தளர்த்தினார்கள். மறுநாள் பாத்ரூமிலிருந்து, "வள்ளி, வந்துடிச்சிடீ!" என்று நீ போட்ட சத்தத்தில் வார்டே சிரித்தது. பிறகு கொஞ்சம் கசியத்தான் செய்தது. "போனா போவுது, வலியில்லாம வருதே" என்றாய்.

அந்தச் சத்தத்தை இன்னொரு தரம் கேட்கமாட்டேனா? எல்லாருக்கும் நாடா அப்படி இறுகாது, ஆனால் இறுகலாம் என்று டாக்டரம்மா ஒளிக்காமல்தான் சொன்னார். நீ இருந்தால் வைத்துக்கொள் என்பாயா, வேண்டாம் என்பாயா? உன்னிடம் கேட்காமல் நான் ஒரு புடவைகூட எடுத்ததில்லையே.

யோசித்து யோசித்து, சரி என்று சொல்லிவிட்டேன். வருகிற வாரம் ஆபரேஷன்.

"ஆஸ்பத்திரில கூட யாரும்மா தங்குவாங்க?" என்று நர்ஸ் கேட்டாள்.

"எங்க அக்கா" என்றேன். சொன்ன பிறகுதான் நினைவு வந்தது. அந்தப் பெண் எதிரிலேயே அழுதுவிட்டேன்.

உன் மகள் செல்விதான் வந்து தங்குகிறாள். இறங்கவில்லை என்றால் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டிருக்க மாட்டேன், அக்கா. ஆஸ்பத்திரியே கூடும்படி கத்துவேன். இது உன்மேல் சத்தியம்.

எங்கே போனாலும் உன்னையே தேடும்
உன் தங்கச்சி வள்ளி