ஏழாவது பீடம்

ஜூன் 4
சிலைப் பூங்கா. இன்றைக்குத்தான் ஆரம்பித்தேன். மாஸ்டர் நின்ற அதே இடங்களில் நின்று அதே படங்களை நானும் எடுக்கப்போகிறேன். மாஸ்டர் என்பது நான் வைத்த பெயர். அந்தப் புகைப்படக்காரருக்கு நான் ஒருத்தி இருப்பதே தெரியாது. பூங்கா கட்டும்போது அவர் எடுத்த கறுப்பு வெள்ளைத் தொடர் எனக்கு மனப்பாடம். பழைய படத்தைப் பாதி மங்கலாக்கி கேமரா திரைமேல் போடுகிற ஆப் கிடைத்திருக்கிறது. கோடும் கோடும் சேரும்வரை நகரணும், அப்புறம் கிளிக். செம.

குதிரைச் சிலைக்கு இப்போது வாய் இல்லை. தாய் கையிலிருக்கும் பிள்ளைக்கு முகம் கரைந்து வெறும் உருண்டை.

ஜூன் 9
மாஸ்டரின் ஏழாவது படத்தில் பீடத்தின்மேல் வெள்ளையாக ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறார்; சிலை என்றே நினைத்திருந்தேன். நேரில் பீடம் காலி. பெயர்த்த தடம்கூட இல்லை. போனைத் தூக்கினால் இருக்கிறார், உடம்புக்குள் புல் தெரிய. இறக்கினால் இல்லை. மறுபடி தூக்கினேன். என்னையே பார்த்தார்.

காவலாளியிடம் கேட்டேன். "அதுல எப்பவுமே சிலை கெடையாது பாப்பா. செய்யறதுக்குள்ள வேலைய நிறுத்திட்டாங்க."

அப்போ இவர் யார்?

ஜூன் 10
மாஸ்டர் படத்தையும் என் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இணையத்தில் போட்டுவிட்டேன். 'ஒரு சிலை காணோம். எடுத்தது யார்?'

ஜூன் 11
பார்த்தவர்கள் ஏறிக்கொண்டே போகிறார்கள். என் படத்தின் ஓரத்தில் நின்ற காவலாளி முகத்தைச் சுற்றி யாரோ வட்டம் போட்டு, 'இவன்தான் வித்துத் தின்னுட்டான்.' நான் அப்படிச் சொல்லவே இல்லையே. ஆனா கேட்டது நான்தானே —

ஜூன் 12
பூங்கா அலுவலகத்தில் காவலாளியை வேலைக்கு வரவேண்டாம் என்றுவிட்டார்கள். பூங்கா வாசலில் பார்த்தேன். "நல்லா படம் புடிச்ச பாப்பா" என்றார். அவ்வளவுதான்.

கண்ணை மூடினால் பீடத்து ஆள் வந்து உட்கார்ந்துகொள்கிறார்.

ஜூன் 13
"என்னடி மூஞ்சி இப்படி இருக்கு?" என்று அம்மா போனைப் பிடுங்கிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"காணாமப் போன சிலைம்மா."

"சிலை எங்கடி உள்ளங்கைய தொடைக்கு அடியில வெச்சுட்டு உக்காரும்? இது உங்கப்பா."

நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்ட அப்பா. அந்தச் சிலைகளுக்கு சிமென்ட் கலக்கிய அப்பா. "தலையிலேர்ந்து கால் வரைக்கும் வெள்ளையா வந்து நிப்பாரு. தண்ணி ஊத்தினாதான் மனுஷன். அதுவரைக்கும் வீட்டுக்குள்ள விடமாட்டேன்" என்று சிரித்தாள். அப்புறம் சிரிக்கவில்லை.

எங்கப்பா என்னைப் பார்த்துட்டு இருந்தாரா அத்தனை நாளும்? நான் அவரைத் திருட்டுப்போன சாமான்னு சொல்லிட்டேன்.

ஜூன் 14
பதிவை எடுத்துவிட்டு நடந்ததை எழுதினேன். முன்பு பார்த்தவர்களில் கால்வாசிப் பேர்கூட இதைப் பார்க்கவில்லை. அம்மாவை அலுவலகத்துக்குக் கூட்டிப்போய்ச் சொல்லவைத்தேன்.

ஜூன் 20
காவலாளி வேலைக்குத் திரும்பி வந்துவிட்டார். அம்மாவிடம், "வாங்கம்மா, அந்தப் பக்கம் ஈரம், பார்த்துப் போங்க." என்னிடம் எதுவும் பேசவில்லை.

அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு ஏழாவது பீடத்தில் உட்கார்ந்தாள். போனைத் தூக்கினேன்.

"தெரியறாரா?"

"ம்."

"எந்தப் பக்கம்?"

"நீ அவர் மேலதான் உக்காந்திருக்க."

அம்மா நகர்ந்து இடம் விட்டாள்.