ஒரு விரல் சரிவு

ஜூன் 3

மண் காப்புத் திட்டத்தில் வேலைக்குச் சேர்ந்து நாற்பது நாள். இன்னும் யாரிடமும் சத்தமாகப் பேசியதில்லை.

இன்று மேல்சரிவில் நானே குச்சி வைத்தேன். குச்சி வரிசையில்தான் பள்ளம் வெட்டுவார்கள். மழைநீர் ஓடாமல் அதில் நின்று மண்ணுக்குள் இறங்கும். வரிசை ஒரே மட்டமாக இருக்க வேண்டும். அதற்குத்தான் இரண்டு கால் மரச்சட்டம், நடுவே நூலில் தொங்கும் கல்; கல் நடுக்கோட்டில் நின்றால் இரண்டு காலும் ஒரே மட்டம். ஒரு காலை ஊன்றி மறு காலைச் சுழற்றி, மாற்றி மாற்றி வைத்துப் போக வேண்டும். அப்போதுதான் ஒரு கால் குட்டையாக இருந்தாலும் அந்தப் பிழை அடுத்த வைப்பில் நேராகும்.

இரண்டு சுற்றுதான் வைத்திருப்பேன். "என்னம்மா, டான்ஸ் கிளாஸா நடக்குது?" என்றார் இன்ஜினியர். மண்வெட்டியோடு நின்ற பத்துப் பேரும் சிரித்தார்கள். அப்பாவும்தான். எனக்குக் காது சுட்டது. மீதி தூரத்துக்குச் சட்டத்தைச் சுழற்றாமல் அப்படியே நகர்த்திக்கொண்டு போய்விட்டேன்.

ஜூன் 9

அப்பாவும் மற்றவர்களும் வெட்டி முடித்தார்கள். "எம்பொண்ணு வச்ச குச்சி, மயிரிழை பெசகாது" என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்கிறார்.

சட்டத்தின் ஒரு கால் தேய்ந்திருக்கிறது. இன்றுதான் பார்த்தேன். ஒரு விரல் அளவு. நான் நகர்த்தியது நாற்பது தடவை. நாற்பது விரல் —

நாளைக்குச் சொல்லிவிட வேண்டும்.

ஜூன் 10

சொல்லவில்லை.

ஜூன் 17

பெருமழை. பள்ளத்துத் தண்ணீர் முழுவதும் ஒரே மூலைக்கு ஓடி, அங்கே கரையை உடைத்துவிட்டது. அதற்குக் கீழே அத்தையின் கிழங்குத் தோட்டம். மேல்மண் மொத்தமும் ஓடையோடு போயிற்று. வெறும் பாறை. அத்தை அழவில்லை. வேரோடு கிடந்த ஒரு செடியை எடுத்து, எங்கே நடுவதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

ஜூன் 18

கூட்டம். கரை எப்படி உடைந்தது என்று இன்ஜினியர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் — திறந்தேனா? — அப்பா எழுந்துவிட்டார். "அந்த மூலைல நாந்தான் கரைய சரியா மிதிக்கல சார்."

பொய். என் பக்கம் அவர் திரும்பவேயில்லை. அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அத்தை எல்லோர் முன்னாலும் சொன்னாள்: "இனிமே அண்ணன்னு எவனும் என் வாசப்படி மிதிக்க வேணாம்."

"ஏம்ப்பா?" என்றேன் வீட்டில்.

"மண்வெட்டி எங்க போனாலும் கெடைக்கும். உனக்கு இந்த வேல?"

தட்டில் கை வைத்தபடியே இருந்தார். சாப்பிடவில்லை.

ஜூன் 25

அப்பா சமவெளிக்குப் போய்விட்டார், சாலை போடும் வேலைக்கு. பஸ் ஏறும்போதும் நான் ஒன்றும் சொல்லவில்லை. படிச்சு என்னத்தக் கிழிச்சேன்?

ஜூலை 2

இன்ஜினியரிடம் சொன்னேன். "ரிப்போர்ட் போயாச்சு. கிளறாதம்மா" என்றார். நேரே அத்தை வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றே எல்லாவற்றையும் சொன்னேன்.

"இத அன்னிக்கே சொல்லியிருந்தா உங்கப்பன அந்த வார்த்த சொல்லியிருப்பேனாடி?"

அவ்வளவுதான். உள்ளே போய்விட்டாள்.

ஜூலை 14

உடைந்த பள்ளத்துக்குப் பதில் புது வரிசைக்குக் குச்சி வைக்கிறேன். ஓடையிலிருந்து கூடை கூடையாக மண் சுமந்து ஏறும் அத்தை, வழியில் நின்று பார்க்கிறாள். பேசுவதில்லை.

மதியம் அப்பா போன் செய்தார்.

"சட்டத்தச் சுத்திச் சுத்தி வைக்கிறியாம்மா?"

சட்டத்தைப் பற்றி அவரிடம் நான் சொன்னதே இல்லை.

"வைக்கிறேன்ப்பா."

அவர் பக்கம் லாரி ஒன்று உறுமிக் கடந்தது. பிறகு சொன்னார்: "அன்னிக்கு நானும் சேந்து சிரிச்சுட்டேன்."